கீழே கையொப்பமிட்டவன்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் அத்தானும், உள்ளே இருந்துகொண்டே உன்னைத் தூங்கவிடாமல் அதிகாரம் பண்ணுகிற அந்தப் புது ஆளும் சுகமா? கால் வீக்கம் வடிந்ததா?

வேலையில் சேர்ந்து ஆறு நாளாகிறது. நீர்நிலைப் பராமரிப்பு அலுவலகம், இளநிலை ஆய்வாளர் பதவி. நீர்த்தேக்கம், கால்வாய் என்று தண்ணீர் நிற்கிற, ஓடுகிற இடங்களுக்குப் போக வேண்டும். கரை சரியாக இருக்கிறதா என்று நடந்து பார்த்து, ஒரு படிவத்தில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். அதை வைத்துத்தான் மேலே இருப்பவர்கள் எழுதுவார்கள். கோப்பு எப்போதும் கீழேயிருந்துதான் கிளம்பும். முதல் கையெழுத்து ஆகக் கீழே இருப்பவனுடையது, அதாவது என்னுடையது.

என்னை என்னவென்று கூப்பிடுவது என்பதில்தான் ஊருக்குள் ஒற்றுமை இல்லை. நியமன ஆணையில் ‘அரசுப் பணியாளர்’ என்று இருக்கிறது. சங்கத்துச் சந்தா அட்டையில் ‘ஊழியர்’. வாசல் பலகையில் ‘அலுவலர்கள் மட்டும்’. அறையை வாடகைக்கு விட்ட அம்மா ‘ஆபீசர் தம்பி’ என்கிறார். மனு கொண்டுவந்த ஒரு பெரியவர் ‘அதிகாரி ஐயா’ என்று குனிந்தார். பிரிவில் மட்டும் ‘டேய் புதுசு’. எல்லாம் ஒரே ஆள்தானா என்று எனக்கே சந்தேகம்.

தலைமை எழுத்தருக்கு முதுகுக்குப் பின்னால் ‘முத்திரை’ என்று பெயர். ரப்பர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டேதான் பேசுவார். நல்ல மனிதர். யார் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். பொறியாளர் வந்தால் முழுதாக எழ வேண்டும். முத்திரை வந்தால் நாற்காலியிலிருந்து நாலு விரல் எழுந்தால் போதும். மனு கொடுக்க வருகிறவர்களுக்கு யாரும் எழுந்திருப்பதில்லை, நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வம். அந்தப் பெரியவர் வந்தபோது நான் தெரியாத்தனமாக எழுந்துவிட்டேன். பிரிவே சிரித்தது.

பிரசவத்துக்கு எப்படியும் வந்துவிடுவேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

பிப்ரவரி 24

மாட்சிமை தங்கிய சர்க்கார் அவர்களுக்கு,

அடியாள் சுகம். உங்கள் சுகத்துக்கு மனு போடலாமா, நேரில்தான் வர வேண்டுமா?

சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பு வலி. கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. தையல் மிஷினை மிதிக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். நான் கையால் சக்கரத்தைச் சுற்றித் தைக்கிறேன். ஜன்னலுக்கு எதிரே நீர்த்தேக்கத்துக் கரை, சுவர் மாதிரி. அதற்குமேல் வானம் கொஞ்சமாகத் தெரியும். இந்தக் கீழ்த்தெருவில் வெயில் எட்டு மணிக்குத்தான் வருகிறது. அதனால்தான் வாடகை குறைவு என்று உன் அத்தான் பெருமைப்படுகிறார். பஸ் டிரைவருக்கு வீட்டில் வெயில் எதற்கு?

அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார். முப்பது வருஷம் பியூனாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர். மணி அடித்தால் எழுந்திருப்பதுதான் அவர் வேலை. வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடித்தாலும் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார், ஞாபகம் இருக்கிறதா? அவருக்காக யாரும் எழுந்ததில்லை. நீ அந்தப் பெரியவருக்கு எழுந்தது எனக்குப் பிடித்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஏப்ரல் பதினைந்தை ஒட்டி என்று நர்ஸ் நாள் சொல்லியிருக்கிறாள். அத்தானுக்கு அந்த வாரம் தொலைதூர வண்டி. நீ வராவிட்டால் நான் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது எனக்கு முழுநேரக் கவலை.

லீவு கிடைத்துவிட்டது. பதினாலிலிருந்து பதினேழு வரை நாலு நாள். மழைக்கு முந்திய ஆய்வு நடக்கிற மாதம் என்பதால் பொறியாளர் முதலில் முகத்தைச் சுளித்தார். முத்திரைதான் காப்பாற்றினார். இங்கே ஒரு வழக்கம் உண்டு. லீவில் போகிறவர் நாலைந்து வெற்றுப் படிவத்தின் அடியில் கையெழுத்து மட்டும் போட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போவார். நாம் இல்லாத சமயத்தில் ஒரு காகிதம் அவசரமாக மேலே போக வேண்டியிருந்தால், நம் கையெழுத்துக்காகக் கோப்பு நிற்கக் கூடாது, அதற்காக. “உன் வேலைய நாங்க பாத்துக்கறோம், நீ அக்காவப் பாருப்பா” என்றார். பிரிவில் எல்லோரும் செய்வதுதான். நானும் மூன்று படிவத்தில் போட்டுக் கொடுத்தேன். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருவது மாதிரி.

பதினாலாம் தேதி மதியம் அங்கே இருப்பேன். வலி வந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று குழந்தையிடம் சொல்.

உன் தம்பி

*

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று என்று எழுதிவிட்டு இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன், சந்தோஷத்தில். நீ சேர்ந்த சுகத்தை ஏன் ஒரு வரி எழுதவில்லை?

போட்டோ வந்துவிட்டது. பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத உன் மருமகளை நீ வெடிகுண்டு தூக்குவது போலத் தூக்கி வைத்திருக்கிறாய். உன் வாய் திறந்திருக்கிறது. பக்கத்தில் தொட்டில் அட்டை, அதில் நர்ஸ் எழுதின தேதி பளிச்சென்று தெரிகிறது: ஏப்ரல் 16, காலை 9.20. வலியில் நான் உன் கையைக் கடித்தேனே, தழும்பு போய்விட்டதா? போகாமல் இருந்தால் நல்லது. பின்னால் உன்னிடம் எதையாவது கேட்டு வாங்கும்போது காட்டலாம்.

வீட்டுக்குப் பின்னால், கரை அடியில், புல் பச்சைப்பசேலென்று முளைத்திருக்கிறது. மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. தெருவெல்லாம் காய்ந்து கிடக்க அங்கே மட்டும் கால் வைத்தால் சதக்கென்கிறது. பக்கத்து வீட்டு வண்ணாத்தி மாடு வாங்கலாமா என்று யோசிக்கிறாள். குழந்தை பிறந்த யோகம் என்கிறார்கள்.

அவள் அழுகிறாள். மிச்சம் பிறகு.

உன் அக்கா

*

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாகத் திரும்பிச் சேர்ந்தேன். எழுதத் தாமதமானதற்குத் திட்டாதே. மருமகள் சுகமா? இரவில் தூங்குகிறாளா, அல்லது என்னைப் போல் பகலில் மட்டும்தானா?

அலுவலகத்தில் எனக்கு ஒரு பரிசு காத்திருந்தது. முத்திரை என் லீவு விண்ணப்பத்தை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டார். “நாலு நாள் லீவ எதுக்குப்பா வீணாக்கற? ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுடு, பின்னாடி உதவும்” என்றார். நானும் வருகைப் பதிவேட்டில் நாலு நாளுக்கும் கையெழுத்துப் போட்டேன். இங்கே இப்படித்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். உன்னிடம் இருந்த நாலு நாளும் காகிதப்படி நான் இங்கேதான் இருந்தேன்!

இழுப்பறையில் மூன்று படிவத்துக்கு இரண்டுதான் இருந்தன. கேட்டேன். ஒன்று தேவைப்பட்டது என்றார்கள்.

அக்கா, கரை அடியில் புல் என்று எழுதினாயே. அங்கே தண்ணீர் வெளியே தெரிகிறதா? தெரிந்தால் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா? சும்மா கேட்கிறேன், தொழில் புத்தி.

உன் தம்பி

*

ஜூன் 14

அன்புள்ள சர்க்கார்,

நானும் சின்னவளும் சுகம். உன் அத்தானுக்கு மட்டும் முதுகு வலி, அது வண்டிக்குப் பிறந்தது. நீ சுகமா?

வேலை பார்த்தாலும் பார்த்தாய், உலகமே உனக்குக் கரையாகத் தெரிகிறது போலிருக்கிறது. தண்ணீர் வெளியே வருகிறது சாமி. சுண்டு விரல் தடிமன் இருக்கும். கண்ணாடி மாதிரித் தெளிவு. தெருக்காரர்கள் ஒரு குழாய்த்துண்டைச் செருகி, அடியில் வாளி வைத்துவிட்டார்கள். நகராட்சிக் குழாயில் வரிசை நிற்க வேண்டியதில்லை. குழந்தைத் துணியெல்லாம் அதில்தான் அலசுகிறேன். மல்லிகை மாதிரி வெளுக்கிறது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் நான், உனக்குத் தெரியும்.

அன்றைக்கு மெக்கானிக் வீட்டுத் தாத்தா மட்டும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கரை அழுவுதும்மா” என்றார். காது கேட்காத மனுஷன், கேட்காததெல்லாம் சொல்வார் என்று விட்டுவிட்டேன்.

உன் மருமகள் முகம் பார்த்துச் சிரிக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். எல்லோரும் சுகமா?

இரண்டு விஷயம். ஒன்று, அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து, ஆடாமல் ஒரு நாள் வைத்திரு. அடியில் மண் படிகிறதா, எவ்வளவு என்று எழுது. இரண்டு, பள்ளிக்கூடம் இருக்கிற மேலத்தெருவில் ஒரு வீடு பார். சின்ன அறை போதும். மழைக்கு முன்னால் போய்விடு. காரணம் கேட்காதே.

தெருக்காரர்கள் என் பெயரைச் சொல்லி எங்கேயும் மனுக் கொடுக்க வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் என்று எழுதிப் பழகிவிட்டதால் எழுதுகிறேன். ஒன்றரை மாதம் கழித்து ஒன்பது வரி. அதில் ‘காரணம் கேட்காதே’ என்று ஒரு வரி. நான் உன்னைத் தூக்கி வளர்த்தவளடா. நீ எச்சில் விழுங்கினால் எனக்குத் தெரியும்.

தம்ளரில் ஒரு விரற்கடை மண். நீ எழுதுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜூலையிலிருந்து குழந்தைத் துணியில் காவி நிறம் ஏறுகிறது, எத்தனை அலசினாலும் போகவில்லை. வாளிக்கு அடியில் தினமும் மண்ணைக் கொட்டுகிறோம். விரல் தடிமன் இருந்த தண்ணீர் இப்போது மணிக்கட்டுத் தடிமன். கரைக்கு உள்ளே இருக்கிற மண்தானே அது? நான் படிக்காதவள், ஆனால் தையல்காரி. உள்துணி கிழிந்தால் மேல்துணி எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

மேலத்தெருவில் வீடு கிடைத்தால் நான் போய்விடலாம். வண்ணாத்தி போவாளா? மெக்கானிக் வீட்டுத் தாத்தா போவாரா? நாற்பத்தோரு வீடு இருக்கிறது இங்கே. மனுக் கொடுத்தாகிவிட்டது. நான்தான் எழுதினேன், நான்தான் முதல் கையெழுத்து. கீழேயிருந்துதான் கிளம்பும் என்று நீ சொன்னாயே. உன் பெயரை எங்கேயும் சொல்லவில்லை, பயப்படாதே.

அரசாங்கத்தில் நமக்கு ஒரு ஆள் இருக்கிறான் என்று தெருவே உன்னை நம்புகிறது. உன் பெயரைச் சொல்லக் கூடாது என்றால் நீ யாருக்கு ஆள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. எழுது.

உன் அக்கா

*

செப்டம்பர் 8

தம்பி,

குழந்தை சுகம். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பதில் உன்னிடமிருந்து வரவில்லை, உன் அலுவலகத்திலிருந்து வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

‘மனுதாரர் குறிப்பிட்டுள்ள நீர்க்கசிவு குறித்துப் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி கரை கடந்த ஏப்ரல் 16ஆம் நாள் முற்பகல் 10 மணிக்கு, கீழே கையொப்பமிட்டுள்ள இளநிலை ஆய்வாளரால் நேரில் முழுமையாக நடந்து ஆய்வு செய்யப்பட்டு, கசிவு ஏதுமின்றி உறுதியாக உள்ளதென அறிக்கை பெறப்பட்டுள்ளது. எனவே மனுதாரர் அச்சம் கொள்ளத் தேவையில்லை. இணைப்பு: ஆய்வறிக்கை நகல்.’

நகலை விரித்தேன். எழுத்து யாருடையதோ. கையெழுத்து உன்னுடையது. அந்தக் கடைசிச் சுழியை உனக்கு நான்தானே சிலேட்டில் சொல்லிக் கொடுத்தேன்?

ஏப்ரல் பதினாறு, பத்து மணி. அந்த நேரத்தில் நீ என் கட்டிலுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றாய். போட்டோ சுவரில் மாட்டியிருக்கிறது. அத்தான் நகலைக் கேட்டார். “சரியா இருக்குன்னு எழுதியிருக்காங்க” என்று சொல்லி ஒளித்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் இது, உனக்காக.

இந்தப் போட்டோவை அனுப்பினால் உன் வேலை போகும், ஜெயில்கூட இருக்கலாம். அனுப்பாவிட்டால் என்ன போகும் என்று ஜன்னலைத் திறந்தாலே தெரிகிறது. அக்டோபரில் மழை. இந்த மாதம் இருபத்தைந்து வரை உன் அக்காவாகக் காத்திருப்பேன். அதற்கு அப்புறம் நான் மனுதாரர்.

*

செப்டம்பர் 19

அக்கா,

சுகமில்லை. மூன்று மாதமாகச் சுகமில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில்தான் மூன்றாவது படிவத்தைக் கோப்பில் பார்த்தேன். மேலே அறிக்கை போக வேண்டிய கடைசி நாள் நெருங்கியதால் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். முத்திரையிடம் கத்தினேன். “இருபது வருஷமா அந்தக் கரை அப்படியேதாம்ப்பா நிக்குது. உனக்கு நல்லது பண்ணத்தான் பண்ணேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. எனக்கு நல்லது பண்ணத்தான் பண்ணினார். எந்தக் கரை என்று பார்த்தேன். உன் ஜன்னலுக்கு எதிரே இருக்கிற கரை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வராமலே வந்து போனேன். கரை முழுக்க நடந்தேன். மேலே ஓரிடத்தில் மண் உள்வாங்கியிருக்கிறது, ஒரு ஆள் உட்காரலாம். கீழே நீ குழந்தைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

புது அறிக்கை எழுதினேன். பொறியாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே எனக்குப் பயம் வந்தது. “ஏப்ரல்ல நல்லா இருந்துச்சு, இப்ப புதுசாக் கசியுதுன்னு எழுதுங்க. யாருக்கும் தொந்தரவில்ல” என்றார். அப்படி எழுதினால் அது சாதாரணப் பழுது. வரிசையில் நிற்கும், மழை முடிந்துதான் கையெடுப்பார்கள். ஆனால் ஏப்ரலில் ஆய்வே நடக்கவில்லை என்று தெரிந்தால் விதி வேறு. ஆய்வு செய்யாத நீர்த்தேக்கத்தில் மழைக்காலத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் நிறுத்தக் கூடாது. மதகைத் திறந்துவிட வேண்டும். திறந்தால் இந்த ஊருக்குப் பாதி நாள் குழாயில் தண்ணீர் வராது, அதனால் யாருக்கும் திறக்க மனசில்லை.

ஆக, என் அறிக்கை பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால்தான் மதகு திறக்கும். ஒன்றரை மாதம் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். உன்னை மட்டும் மேலத்தெருவுக்கு அனுப்பிவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தவன் உன் தம்பிதான், வேறு யாருமில்லை.

இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ போட்டோவை அனுப்பு. மனுதாரராக இல்லை, அக்காவாக அனுப்பு.

உன் தம்பி

*

அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

என் அறையில் நீயும் குழந்தையும் அத்தானும் வசதியாக இருக்கிறீர்களா? மூட்டைப்பூச்சி உண்டு, பகலில் கட்டிலை வெயிலில் போடு. மழை முடியும்வரை வீடு மாற்றிக்கொண்டதில் நான் உன் வீட்டில் சுகமாக இருக்கிறேன். இன்றைக்கு எட்டேகாலுக்குத்தான் வெயில் வந்தது.

நீ கிளம்பின மறுநாள் உத்தரவு இங்கே வந்து சேர்ந்தது. பணியிடை நீக்கம். போட்டோவில் இருக்கிற தொட்டில் அட்டையைவிட வருகைப் பதிவேடுதான் பெரிய சாட்சி என்கிறார்கள். பதினாறாம் தேதி நான் அலுவலகத்தில் இருந்ததாக நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். லீவு விண்ணப்பம் என்று ஒன்று இல்லவே இல்லை. எனவே அப்போது எழுதினது உண்மையா, இப்போது எழுதினது உண்மையா என்று விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். நவம்பரில் வருமாம். அதுவரை தண்ணீர் அப்படியே நிற்கும்.

நவம்பர் வரை மண்ணும் காத்திருக்குமா தெரியவில்லை. காலையும் மாலையும் கரையில் நடக்கிறேன். ஒரு நோட்டில் மணி, தண்ணீரின் தடிமன், தம்ளரில் மண், எல்லாம் எழுதி அடியில் கையெழுத்துப் போட்டுத் தினமும் அலுவலகத்துக்கு ஒரு நகல் தபாலில் அனுப்புகிறேன். சம்பளமில்லை, பதவியில்லை, ஆனால் இதுதான் நான் பண்ணின முதல் ஆய்வு. மதகுச் சாவி அலுவலகத்தில் இருக்கிறது. இல்லையென்றால் நானே திறந்திருப்பேன்.

நான் இப்போது அலுவலரும் இல்லை, பணியாளரும் இல்லை. இந்தத் தெருவுக்கு அது தெரியவில்லை. ‘சர்க்கார் தம்பி’ சொன்னால் கேட்கிறார்கள். ஒரு தகர டின்னும் கட்டையும் வைத்திருக்கிறேன், தட்டினால் எல்லோரும் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போக வேண்டும். நேற்று ஒத்திகை பார்த்தோம். நாற்பது வீடு கால் மணியில் காலி. மெக்கானிக் வீட்டுத் தாத்தாவுக்குத்தான் டின் கேட்காது. அவரை நானே போய்த் தூக்கிக்கொள்வதாகப் பேச்சு. கனமில்லை, உன் தையல் மிஷின் அளவுதான் இருக்கிறார்.

மருமகளுக்குப் பல் முளைத்ததா? எழுது.

உன் தம்பி

*

அக்டோபர் 11

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். நீ சுகமா? முதலில் அதை எழுது.

பல் முளைத்துவிட்டது, கீழே ஒன்று. என் விரலைக் கடிக்கிறாள். கடிப்பது நம் வீட்டுப் பழக்கம் என்று அத்தான் சொன்னார்.

இங்கே மூன்று நாளாக மழை. உன் அறைக் குழாயில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் கொட்டும். வந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் குழாயை மூடிவிடுவேன். தண்ணீர் நன்றாக வருகிறது என்றால் மதகைத் திறக்கவில்லை என்றுதானே அர்த்தம்? இன்று காலை குழாயைத் திறந்தேன். சொட்டுக்கூட வரவில்லை. புஸ்ஸென்று காற்று வந்தது. தம்பி, எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கேட்டுவிட்டார்கள், திறந்துவிட்டார்கள் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். வீட்டுக்கார அம்மா தண்ணீர் வரவில்லை என்று திட்டத் திட்ட நான் சிரித்தேன்.

அத்தான் வேலை கேட்கப் போயிருந்தார். நான் குழந்தையோடு உன் அலுவலகத்துக்குப் போனேன். நன்றி சொல்ல வேண்டும், உன் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று. பெரிய அறை. நீ எழுதின மாதிரியேதான் இருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் ரப்பர் முத்திரையோடு ஒருவர் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். நான் மேசைக்குப் பக்கத்தில் போய், “ஐயா, கீழ்த்தெரு மனு என்னோடது. உங்க இளநிலை ஆய்வாளரோட அக்கா நான்” என்றேன்.

அவர் டெலிபோனைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். “கரை உடையறதுக்குள்ள எல்லாரும் மேல வந்துட்டாங்களாம்மா. நாப்பது வீடும். விடிகாலைல டின்னு தட்டி, கதவு கதவா…” என்றார். கையிலிருந்த முத்திரையை மேசையில் வைத்துவிட்டார்.

“நாப்பத்தோரு வீடுங்க” என்றேன்.

ஜன்னல் ஓரத்தில் இருந்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு ஒவ்வொருவராக. உள்ளே இருந்து வந்தவர் பொறியாளராகத்தான் இருக்க வேண்டும், அவரும் கதவருகே அப்படியே நின்றார். மனு கொடுக்க வருகிறவர்களுக்கு யாரும் எழுந்திருப்பதில்லை என்றுதானே எழுதியிருந்தாய்? நாலு விரல் இல்லை தம்பி, முழுதாக எழுந்து நின்றார்கள்.

“எதுக்கு நிக்கறீங்க? உக்காருங்க” என்று கத்தினேன். யாரும் உட்காரவில்லை.

அத்தான் பஸ் பிடித்து அங்கே கிளம்பிவிட்டார். ரோடு எதுவரை இருக்கிறதோ தெரியாது. இந்தக் கடிதத்தை என் வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன். தபால்காரர் மேலத்தெருப் பள்ளிக்கூடத்தில் விசாரித்தால் உன்னைத் தெரியும் என்று உறை மேல் எழுதியிருக்கிறேன். தாத்தாவும் உன்னோடுதான் இருப்பார், அவரையும் கேட்டதாகச் சொல். உன் கையெழுத்தில் ஒரு வரி போதும். கடைசிச் சுழியை மறக்காமல் போடு.

உன் அக்கா